பம்பரம் சிக்கெடுத்த ஆறு நாட்கள்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் இருந்தது. மற்றபடி எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்தி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடியே சாப்பிடுவாள். மற்றவர்கள் இரண்டாம் முறை பரிமாறிக்கொள்ளும்போது அவளுடைய தட்டு கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும். "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று அம்மா சொல்வார். அதில் பாதி பெருமை, பாதி புலம்பல்.

முப்பத்து நான்கு வயதில் அவள் ஒரு அழகு நிலையத்தில் வேலை பார்த்தாள். மூன்றாவது நாற்காலி அவளுடையது. மதிய இடைவேளையில் அலுவலகத்திலிருந்து ஓடிவரும் பெண்கள் அவளைத்தான் தேடுவார்கள். இருபது நிமிடத்தில் தலையை அலசி, வெட்டி, உலர்த்தி அனுப்பிவிடுவாள். சுருட்டை முடிக்காரர்கள் மட்டும் ஒரு முறை வந்தால் மறுமுறை அடுத்த நாற்காலிக்குப் போய்விடுவார்கள். ஈரத் தலையில் சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுப்பாக இழுப்பது அவள் வழக்கம். யாராவது "ஆ" என்றால், "இதோ முடிஞ்சிடுச்சு, இதோ முடிஞ்சிடுச்சு" என்பாள்.

அந்தச் சொல்லை அதிகம் கேட்டவள் அவளுடைய தங்கை. தங்கைக்கும் சுருட்டை முடி. சுருள் சுருளாக, அடர்த்தியாக, நனைத்து இழுத்தால் இடுப்பைத் தொடும், விட்டால் தோளுக்கு ஏறிவிடும். அம்மா காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார் என்பதால், பள்ளிக்கூட நாட்களில் தங்கைக்குத் தலை சீவியது பம்பரம்தான். பல் உடைந்த சீப்புகள் அந்த வீட்டில் ஒரு டப்பா நிறைய இருந்தன.

குணத்தில் தங்கை அக்காவுக்கு நேர்மாறு. ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஒரு கமாவைப் பற்றி அரை மணி நேரம் யோசிப்பாள். கல்யாணம் இருவருக்குமே கூடிவரவில்லை. அம்மாவோடு இரண்டாவது மாடியில் மூன்று பேரும் இருந்தார்கள். தினமும் காலையில் பம்பரம் தன் ஸ்கூட்டரில் தங்கையை அச்சகத்தில் இறக்கிவிட்டு அழகு நிலையத்துக்குப் போவாள்.

அப்படிப் போன ஒரு காலையில்தான் நாற்சந்தியில் ஒரு வேன் அவர்களை இடித்தது. பம்பரத்துக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த தங்கைக்கு இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. ஹெல்மெட்தான் தலையைக் காப்பாற்றியது. போலீஸ்காரர் விசாரித்தபோது பம்பரம் சொன்னாள்: "மஞ்சள் விளக்கு சார். நாங்க பாதி தாண்டிட்டோம். அவர்தான் அவசரப்பட்டு வந்துட்டார்." மயக்கம் முழுதும் தெளியாத தங்கை, "நான் கவனிக்கலை" என்றாள். எழுதிக்கொண்டு போனார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் தங்கை மல்லாந்து படுத்தபடியே கிடந்தாள். முதல் வாரத்திலேயே ஒரு ஊழியர் அவளுடைய முடியை மொத்தமாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டார். உயிர் பிழைத்ததே பெரிது என்றிருந்த நேரத்தில் யாரும் தலையைப் பற்றி யோசிக்கவில்லை. வியர்வையும் தலையணையின் உரசலும் சேர்ந்து தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காரலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றுதான் அம்மா பின்னந்தலையைத் தொட்டுப் பார்த்தார். முடியெல்லாம் ஒட்டி, கம்பளித் துண்டை மடித்துத் தைத்த மாதிரி ஒரே கட்டியாக இருந்தது. விரல் நுழையவில்லை.

"மொட்டை அடிச்சிடலாம். முடிதானே, வளராமலா போயிடும்?" என்றார் அம்மா.

"வெட்டுறதுன்னா வெட்டுங்க. அக்கா கை மட்டும் படக் கூடாது" என்றாள் தங்கை.

பம்பரம் அறை வாசலில்தான் நின்றாள். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு தங்கை அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தண்ணீர், ஜன்னல், மாத்திரை. அவ்வளவுதான். பம்பரம் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கடைக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டே போனாள்.

அன்று கடையில் அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. முதல் நாற்காலிக்காரி ஒரு சுருட்டை முடிக்காரப் பெண்ணுக்கு வெட்டி முடித்ததும், கூட்டி வைத்த குவியலிலிருந்து பம்பரம் நீளமான முடிகளாகப் பொறுக்கி எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள்.

"என்னடி, குப்பையைக் கிளறுறே? மோதிரம் தொலைஞ்சுடுச்சா?" என்று கேட்டார் கடைக்காரம்மா.

"இருங்கம்மா, ஒண்ணு பாக்கணும்."

ஊறிய முடி ஒன்றை இரண்டு கையிலும் பிடித்து மெல்ல இழுத்தாள். ரப்பர் மாதிரி நீண்டது. விட்டதும் சுருண்டுகொண்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். இந்த முறை நீண்டது நீண்டபடியே நின்றது, சுருள் திரும்பவில்லை. அதற்கு மேல் ஒரு இழுப்பு. அறுந்துவிட்டது. அறுவதற்கு முன் கைக்கு எதுவும் தெரியவில்லை. காய்ந்த முடி இவ்வளவு நீளவே இல்லை. ஈர முடி விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்து ஒரே நொடியில் போய்விடுகிறது. அதனால் ஈர முடியைக் கையாள்கிறவர் கை நிதானமாக இருக்க வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. பன்னிரண்டு வருடமாக அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கிறாள். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்து வந்தவருக்குத் தலையலசப் போனாள்.

சாயங்காலம் தங்கையின் கட்டில் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒரே ஒரு தடவை நான் முயற்சி பண்றேன். முடியலைன்னா நானே கத்தரிக்கோல் எடுத்து அம்மா கையில குடுத்துடுறேன்."

தங்கை மேல் கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் நிறுத்துன்னா நிறுத்தணும். அந்த நிமிஷமே. 'இதோ முடிஞ்சிடுச்சு'ன்னு உன் வாயிலிருந்து வந்துச்சு, அதோட சரி."

"சரி."

மறுநாள் கடைக்காரம்மாவிடம் சொல்லி, ஒரு வாரத்துக்கு மதியத்துக்கு மேல் விடுப்பு வாங்கினாள். முறிந்த காலை ஸ்டூலில் நீட்டித் தங்கையை நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் பழைய பருத்திப் பனியனை விரித்தாள். வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் நிரப்பித் தெளித்தாள். சொட்டச் சொட்ட நனைக்கவில்லை, ஈரம் ஏறும் அளவுக்குத்தான். பிறகு கண்டிஷனரை உள்ளங்கை நிறைய எடுத்துக் கட்டியின் ஓரங்களில் தடவி அழுத்தினாள். அது ஊற வேண்டும். கால் மணி நேரமாவது.

அந்தக் கால் மணி நேரம் அவளுக்குத் தண்டனையாக இருந்தது. திரைச்சீலையைச் சரிசெய்தாள். மாத்திரை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது.

"உக்காரேன். தலை சுத்துது உன்னைப் பாத்தா" என்றாள் தங்கை.

உட்கார்ந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் பாதியிலேயே கெட்டது. ஓரத்தில் விரலால் பிரித்த ஒரு கற்றை இளகிவிட்டதாக நினைத்து, பெரிய பல் சீப்பை நடுவில் வைத்து இழுத்துவிட்டாள். படக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், இருவருக்கும் கேட்டது.

"நிறுத்து."

"இதோ..." என்று ஆரம்பித்த வாயை மூடிக்கொண்டாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், கழுவியிருந்த பாத்திரங்களை எல்லாம் மறுபடி கழுவினாள். அன்று அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் சீப்பைத் தொடவேயில்லை. கட்டியின் கீழ் ஓரத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கற்றையைப் பிரித்தாள். சிக்குக்கு மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்தால் கீழே எவ்வளவு அசைத்தாலும் இழுப்பு வேருக்குப் போகாது, வலிக்காது. வலது கை விரல்களால் நுனியிலிருந்து தொடங்கினாள். நுனி விடுபட்டதும் அதற்கு ஒரு அங்குலம் மேலே, அது விடுபட்டதும் இன்னும் மேலே. காய்கிற மாதிரித் தெரிந்தால் தண்ணீர், முரடு தட்டினால் இன்னும் கொஞ்சம் கண்டிஷனர். பிரிந்த கற்றையை முறுக்கிக் கிளிப் போட்டு ஒதுக்கினாள். ஒன்றரை மணி நேரத்தில் ஆறு கற்றை. அதற்கு மேல் தங்கையால் உட்கார முடியவில்லை.

மூன்றாம் நாள் தங்கை எதேச்சையாகத் தரையைப் பார்த்துவிட்டாள். விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு பூனைக்குட்டி படுத்திருக்கிற மாதிரி முடி குவிந்து கிடந்தது. அவள் கண் கலங்கிவிட்டது.

"போதும். மொட்டையே அடிச்சிடு."

"இரு, இரு. இதைப் பாரு." பம்பரம் ஒரு முடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. "இது வேரோட தானா விழுந்தது. எல்லாருக்கும் தினம் விழும். சீவுனா சீப்போட போயிடும். உனக்கு ஆறு வாரமா போக வழியில்லாம உள்ளேயே மாட்டிக்கிட்டுக் கெடந்துது. இதுங்கதான் கட்டியே."

"அப்ப அது?" தங்கை காட்டிய இடத்தில் வேறொரு சின்னக் குவியல் இருந்தது. துண்டு துண்டான முடிகள், வெள்ளைப் புள்ளி இல்லாதவை.

"அது நான் அறுத்தது. தனியா போட்டு வெச்சிருக்கேன்."

தங்கை இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி நேராக உட்கார்ந்தாள்.

நான்காம் நாள் கட்டி பாதியாகியிருந்தது. பம்பரத்தின் விரல்கள் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தன, மனசுதான் அலைந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு வண்டி பிரேக் பிடித்தாலும் திடுக்கிட்டாள். அப்போதுதான் தங்கை, திரும்பாமலே, சாதாரணமாகச் சொன்னாள்:

"சிவப்பு."

"என்ன?"

"அன்னைக்கு மஞ்சள் இல்லை. சிவப்பு. நீ 'இதோ போயிடலாம்'னு சொல்லி வண்டியை முறுக்குனே."

பம்பரத்தின் கை நின்றுவிட்டது. கற்றை இரண்டு விரலுக்கு நடுவே அப்படியே இருந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் அவள் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். எதிரே இருந்தது பின்னந்தலை.

"சிவப்புதான்" என்றாள்.

"நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். படுத்துக்கிட்டே தினம் நெனச்சேன்." தங்கை கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அந்த வேன்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, தெரியுமா? நீ கடைக்குப் போயிருந்தே. ஒரு பை நெறைய ஆரஞ்சு. 'எனக்குப் பச்சை விழுந்துச்சும்மா, விசாரணை முடியற வரைக்கும் வண்டியத் தொடாதேன்னு மொதலாளி சொல்லிட்டாரு'ன்னு சொன்னாரு. நான் தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். உன்னைப் பிடிச்சு உள்ளே போட்டுடுவாங்களோன்னு பயம். நானும்தான் பொய் சொன்னேன்."

பம்பரம் எழுந்துகொள்ளத் துடித்தாள். கழுவப் பாத்திரம் இல்லாவிட்டாலும் எதையாவது கழுவியிருப்பாள். ஆனால் கண்டிஷனர் தடவிய கற்றை கையில் இருந்தது. விட்டால் மறுபடி சிக்கிக்கொள்ளும். நுனியிலிருந்து அதைப் பிரித்து முடித்து, கிளிப் போட்டு, பிறகுதான் எழுந்தாள். அன்று அம்மா வேலையிலிருந்து வந்ததும் கதவருகிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நாளைக்குக் காலையில போய்ச் சொல்லிட்டு வா. நானும் வர்றேன்" என்றார். அப்புறம் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை.

ஐந்தாம் நாள் காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். அவள் பெஞ்சில் உட்காராமல் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை எல்லாம் நான்கு முறை படித்தாள். வாக்குமூலத்தை மாற்றி எழுதினார்கள். வேன் ஓட்டுநரையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஐம்பது வயதுக்காரர், சட்டைப் பையில் கண்ணாடி. அவள் மன்னிப்புக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"ரெண்டு மாசம்மா" என்றார். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, ஒருவேளை நான்தான் சரியாப் பாக்கலையோன்னு." கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆறாம் நாள் மிச்சத்தைப் பிரித்தாள். கழுத்தை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் எதற்கும் மசியவில்லை. தங்கையிடம் கேட்டு, அவள் தலையாட்டிய பிறகு அதை வெட்டினாள். மற்றதெல்லாம் தப்பித்தது. ஒரே அளவாக இல்லை, அங்கங்கே அறுந்த முடிகள் குச்சி குச்சியாகத் துருத்திக்கொண்டிருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துண்டால் தேய்க்காமல் பனியன் துணியில் பொத்திப் பிழிந்தாள். சுருள்கள் ஒவ்வொன்றாக மேலேறின. தங்கை கையைப் பின்னால் கொண்டுபோய் வெட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"காத்து படுது" என்றாள்.

பம்பரத்தின் ஓட்டுநர் உரிமத்தை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். வேன்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்தது என்று போலீஸ்காரர் சொன்னார். தங்கை நான்காவது மாதம் கைத்தடியோடு அச்சகத்துக்குப் போகத் தொடங்கினாள், வாடகைக் காரில். அக்காவோடு பேசினாள், சிரித்தாள், சில நாள் காரணமில்லாமல் கடுகடுத்தாள். கடையில் சுருட்டை முடிக்காரர்கள் வந்தால் மற்றவர்கள் பம்பரத்தைக் கைகாட்டுகிறார்கள். இருபது நிமிடக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

அதற்காக அவள் அடங்கிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போது பேருந்தில்தான் வேலைக்குப் போகிறாள். நிறுத்தத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் அவளால் நிற்க முடியாது. அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவாள். வாரத்தில் இரண்டு நாளாவது, நடுவழியில் அவள் போய்க்கொண்டிருக்கும்போது பேருந்து அவளைத் தாண்டிப் போகும். நடத்துநர் படிக்கட்டிலிருந்து, "ஏம்மா, நின்ன எடத்துல நிக்கக் கூடாதா?" என்று கத்துவார். அவள் கையை வீசிக்கொண்டு நடையை எட்டிப் போடுவாள்.