கடுகுத் தண்ணீருக்கு வந்த புழுக்கள்

காட்டுக்குள் போவதற்கு முன் சப்பாத்தின் அடியைத் தேய்த்துவிட்டுப் போகச் சொல்லும் நாடு இது. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் ஒரு மேப்பிள் காடு இருக்கிறது. அதன் வாசலில் இரும்புச் சட்டமொன்றில் தும்புத் தூரிகையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் போகிறவர்கள் மண்ணைத் தட்டிவிட்டுப் போகிறார்கள்! முதன்முதலில் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்த வாசலால் நான் போவதே இல்லை. ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்து நீர்வேலிச் செம்மண்ணில் வெங்காயம் செய்தவரின் மகள். மண்வெட்டியில் ஒரு மண்புழு புரண்டு வந்தால் ஐயா அதைப் பக்குவமாகத் தூக்கிப் பாத்திக்குள் விடுவார். பிறகு வெங்காயத்துக்கு மருந்தடித்து மருந்தடித்து, ஒரு போகத்தில் புழுவையே காணவில்லை. "மண் செத்துப்போச்சுது பிள்ளை" என்று ஐயா சொன்னபோது அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. அதனால் இங்கே வீடு வாங்கியதும் நான் செய்த முதல் வேலை, தூண்டில்காரர்களுக்கு விற்கும் கடையில் பெட்டி பெட்டியாகப் புழு வாங்கிப் பின்வளவில் விட்டது. கத்தரியும் புடோலும் அமோகமாக வந்தன. வேலிக்கு அப்பால் காட்டில் இலைச்சருகு வருடக்கணக்காக உக்காமல் குவிந்து கிடந்தது. பாவம், புழு இல்லாத மண் என்று நினைத்தேன். ஒவ்வொரு வசந்தத்திலும் பாத்தி மண்ணைப் புழுவோடு அள்ளி வேலிக்கு மேலால் கொட்டினேன். பதினான்கு வருடம். புண்ணியம் செய்கிற நினைப்பு வேறு.

சென்ற செப்டெம்பரில் ஹெதர் வந்தாள். அந்தக் காட்டைப் பராமரிக்கும் குழுவில் வேலை செய்கிறவள், நாற்பது வயதிருக்கும். எங்கள் வளவால் போய்க் காட்டு மண்ணைப் பார்க்க அனுமதி கேட்டாள். கூடவே நானும் போனேன். தரையில் ஒரு சதுரச் சட்டத்தை வைத்து, வாளியிலிருந்து மஞ்சள் நிறத் தண்ணீரை ஊற்றினாள். கடுகு மணந்தது. கடுகும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டுக் கண்ணூறு கழித்து வளர்ந்தவள் நான். காட்டுக்குக் கண்ணூறு கழிக்கிறாளாக்கும் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றேன். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் தாங்காமல் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்தன. பிள்ளைக்குப் பரிசு கிடைத்த தாய் மாதிரி எனக்குப் பூரிப்பு. "நல்ல மண்!" என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவள் கசப்பாகச் சிரித்தாள். பிறகு எண்ணி எண்ணி எழுதினாள்.

அன்றைக்கு ஹெதர் சொல்லித்தான் விளங்கியது. இந்த வடக்கு நிலத்தை ஒரு காலத்தில் பனிப்பாறை மூடிக் கிடந்ததாம். பனி விலகியபின் எழும்பிய அகன்ற இலைக் காடுகள் மண்புழு இல்லாமலே வாழப் பழகியவை. விழும் சருகு மெத்தையாகத் தடித்து, பூஞ்சணத்தால் ஆறுதலாக உக்கும். மேப்பிள் விதை முளைப்பதும், ட்ரில்லியம் என்ற காட்டுச் செடி பூப்பதும், அதன் விதையை எறும்பு இழுத்துப்போய்ப் புதைப்பதும், பல்லி போன்ற சலமாண்டர் ஈரத்துக்கு ஒளிப்பதும் அந்த மெத்தைக்குள்தான். புழு அதை மளமளவென்று தின்றுவிடும். அதற்குமேல் ஹெதர் விளக்கத் தேவையிருக்கவில்லை. மேலே கிழட்டு மரங்கள் கம்பீரமாக நின்றன. கீழே முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்றுகூட இல்லை. "எந்த மரத்தை வெட்டலாம், எதை விடலாம் என்று திட்டம் போடுகிறோம். அதன் இடத்துக்கு வர ஒன்றும் இல்லையென்றால் திட்டம் எதற்கு?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வேலிக்கு மேலால் யாராவது மண் கொட்டுவதுண்டா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். ஆமிக்காரர் மறித்துக் கேட்கும் சென்றிகளில் நின்று வளர்ந்த வாய் இது, கேள்வி கேட்டால் முதலில் இல்லை என்றுதான் சொல்லும்.

அந்த ஒரு சொல் என்னை வீட்டுக்குள் பூட்டிவிட்டது. கோப்பை கழுவும் இடத்து யன்னல் நேரே காட்டைப் பார்க்கிறது. திரை போட்டேன், அதுவும் உதவவில்லை. "உதுக்கேன் மண்டையைப் போட்டு உடைக்கிறீர்? முதல் புழுவை வெள்ளைக்காரன்தானே கப்பலிலை கொண்டந்தவன்" என்றார் என் கணவர். உண்மைதான். ஆனால் எங்கள் வேலிக்குப் பின்னால் கிடப்பது நான் கொண்டுவந்தது. காட்டு வாசல் பலகையில் புழுவை வந்தேறி என்கிறார்கள். அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும், புழுவுக்காக வழக்காட வேண்டும்போல இருக்கும். வெறும் தரையைப் பார்த்தால் அதே வாய் அடைத்துப்போகும். விட்பி நகரிலிருந்து மகள் தொலைபேசியில் சுலபமாகச் சொன்னாள்: "அம்மா, ஜஸ்ட் மூவ். வீட்டை வித்திட்டு இஞ்சை வாங்கோ. எங்கடை பக்கமும் காடு இருக்கு."

"அதுதான் பிள்ளை பயமாயிருக்கு" என்றேன். என் மண்வெட்டியிலும் பூச்சாடியிலும் ஒட்டியிருக்கும் மண்ணில் புழுக்களின் முட்டை இருக்கும். அவளுக்கு அது விளங்கவில்லை. நான் வரப் பிடிக்காமல் சாட்டுச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொண்டு தொலைபேசியை வைத்துவிட்டாள்.

இந்த வசந்தத்தில் ஹெதர் வேலியோரம் கன்று நட அளவெடுத்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொல்லிவிட்டேன். நான்தான் கொட்டினேன், பதினான்கு வருடம், கேட்டபோது பொய் சொன்னேன். ஏசுவாள், தண்டனை ஏதும் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் அளவு நாடாவைச் சுருட்டி முடித்தாள். "சொன்னதற்கு நன்றி. இனிக் கொட்டாதீர்கள்."

"புழு எல்லாவற்றையும் எப்படி வெளியே எடுப்பது?" என்று கேட்டேன்.

"எடுக்க முடியாது."

அவ்வளவுதான். தண்டனை என்றால் அனுபவித்துத் தீர்த்திருப்பேன், இதற்கு முடிவே கிடையாது.

நட்ட கன்றுகளைச் சுற்றியாவது புழுவைக் குறைக்கலாம் என்றாள். அதனால் காலையில் நான் கடுகுத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வேலியோரம் குந்துகிறேன். அந்தப் பக்கம் வரும் புழுவைப் பொறுக்கிக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் வைப்பேன், அது செத்துப்போகும். இந்தப் பக்கம் வருவதைத் தொடுவதில்லை, அது என் கத்தரிக்கு வேண்டும். இன்று காலை ஒன்று சரியாக வேலிப்பலகைக்குக் கீழே எழும்பியது, பாதி என் பாத்தியில், பாதி காட்டில். பிடித்து இழுத்தேன். நீண்டதே தவிர, இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் இழுத்தால் அறுந்துவிடும்.

"தேத்தண்ணி ஆறுது, வாருமப்பா" என்று உள்ளேயிருந்து கணவர் கூப்பிட்டார்.

"வாறன்" என்றேன். விரலை எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை.