வாய் திறந்த ஓட்டுநர், எங்கள் அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவடையும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இத்தகைய மலர்களில் மறைந்தவரைச் சாந்தமானவர், விட்டுக்கொடுத்துப் போனவர், யார் மனமும் நோகாமல் வாழ்ந்தவர் என்று எழுதுவது வழக்கம். அப்பாவைப் பற்றி அப்படி எழுதினால் எங்கள் ஊரான பாலோவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சாந்தமானவர் அல்லர். விட்டுக்கொடுத்துப் போனவரும் அல்லர். அவரால் சிலருடைய மனம் நன்றாகவே நொந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

சென்ற ஆண்டு துக்க வீட்டில், பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்த உறவினர் ஒருவர் என் காதுபடவே, "அன்னைக்கு மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இவங்க குடும்பம் எங்கேயோ போயிருக்கும்லா" என்றார். அப்பாவின் உடல் உள்ளே இருக்கும்போது வாதாட வேண்டாமென்று விட்டுவிட்டேன். அவருக்கும் இம்மலர் போய்ச் சேரும். மூத்த மகள் என்ற முறையில் என் பதிலை இங்கே எழுதுகிறேன்.

அப்பா பாலோவுக்கு அருகிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டிப் பிழைத்த பெற்றோருக்குப் பிறந்தார். தோட்டப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. தோட்டத்து லோரியில் ரப்பர் பால் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனவர், அங்கேயே வண்டி ஓட்டக் கற்று, உரிமம் எடுத்து, பக்கத்து நகரமான குளுவாங்கில் ஒரு லோரி கம்பெனியில் ஓட்டுநராகச் சேர்ந்தார்.

அன்று எங்கள் பக்கத்துச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த பழைய லோரிகள். பெட்போர்ட், ஆஸ்டின், கோமர், லேலண்ட் என்று அப்பா அவற்றின் பெயரை, வீட்டுப் பிள்ளைகளின் பெயரைச் சொல்வதுபோல் சொல்வார். சிலவற்றில் எஞ்சின் ஓட்டுநரின் பக்கத்திலேயே இருக்கும். அதன் மூடி அடுப்பு போலக் கொதிக்கும். அப்பாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே எப்போதும் கறுத்தே இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டும். மழை பெய்தால் கதவு இடுக்கு வழியாகத் தண்ணீர் மடியில் விழும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஆனா பார்த்துக்கிட்டா ஏமாத்தாது. பார்த்துக்கிறவன்தான் வேணும்" என்பார்.

அந்தக் கம்பெனியில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. முதலாளி நம்மவர்தான். கோயில் திருவிழாவில் முதல் மாலை அவருக்கு விழும். நன்கொடை என்றால் தாராளமாகக் கொடுப்பார். லோரிக்குப் பிரேக் மாற்றச் சொன்னால் மட்டும், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அப்பாவோடு வேலை செய்த மணியம் மாமா அப்படியொரு லோரியில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது வண்டி நிற்காமல் பள்ளத்தில் கவிழ்ந்தது. மாமா அங்கேயே இறந்துபோனார். அவருக்கு மனைவி பாக்கியம் அத்தையும் மூன்று சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஈமச்சடங்கு முடிவதற்குள்ளேயே, மணியம் குடித்துவிட்டு ஓட்டினார் என்று கம்பெனி சொல்லத் தொடங்கியது. மாமா குடிப்பார் என்பது ஊருக்கே தெரியும். அதனால் எல்லாரும் எளிதாக நம்பினார்கள்.

மாமாவின் சாவு பற்றிய விசாரணைக்கு முன்பு முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். கம்பெனி கொடுத்திருந்த வீடு அது. ஒரு பிஸ்கட் டின்னை என் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. பிரேக் பத்திக் கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு, போதும். மத்த டிரைவருங்க எல்லாம் அப்படித்தான் சொல்லப் போறாங்க."

"அவங்க எப்படி வேணா சொல்லட்டும், மொதலாளி. எனக்குத் தெரியுமே" என்றார் அப்பா. பிறகு தம்பியின் கையிலிருந்த டின்னை வாங்கி, அவருடைய காரின் இருக்கையில் வைத்துவிட்டு வந்தார். தம்பி அழுதான்.

கார் போனதும் அம்மா கேட்டார், "நம்ம பிள்ளைங்கள நெனைச்சுப் பார்த்தீங்களா?"

"அவனுக்கும் பிள்ளைங்க இருக்கு. செத்தவன் வந்து பேச முடியாது. எனக்கு வாய் இருக்கு."

விசாரணை நாளன்று அம்மா, அப்பாவின் வெள்ளைச் சட்டையை எடுத்து, கரியடுப்பு மேல் காய்ச்சிய இஸ்திரிப் பெட்டியால் சுருக்கமில்லாமல் தேய்த்துக் கொடுத்தார். சம்மதம் என்பதை அம்மா அப்படித்தான் சொன்னார்.

அங்கே நடந்ததைப் பாக்கியம் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு முன்னால் சாட்சி சொன்ன ஓட்டுநர்கள் எல்லாரும் தெரியாது என்றே சொல்லிவிட்டு இறங்கினார்கள். அப்பாவிடம் மணியம் குடிப்பாரா என்று கேட்டார்கள்.

"குடிப்பாரு. லோரி எடுக்குற நாள்ல தொடமாட்டாரு."

பிரேக் சரியில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள்.

"அதுக்கு முந்தின வாரம் அந்த லோரிய ஓட்டினது நான். மிதிச்சா பிரேக் கட்டை அடிவரைக்கும் போகும். மொதலாளிகிட்ட நானே சொன்னேன். அவரும் கேட்டாரு, பக்கத்துல நின்ன டிரைவருங்களும் கேட்டாங்க. அதோ, அந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள் என்று அத்தை சொன்னார். மறுபடி கூப்பிட்டுக் கேட்டபோது, அவர்களில் ஒருவர் ஆமாம் என்று தலையசைத்தார். குடித்து ஓட்டினார் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. அத்தைக்குச் சேர வேண்டிய இழப்பீடு வந்து சேர்ந்தது.

எங்களுக்கு வேலையும் போனது, வீடும் போனது. குளுவாங்கில் இருந்த எந்த லோரி கம்பெனியும் அப்பாவைச் சேர்க்கவில்லை. பாலோவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். அப்பா புல் வெட்டினார், தோளில் காவடிபோல் சுமை தூக்கும் காண்டா வேலைக்குப் போனார். அம்மா மறுபடி பால்மரம் வெட்டப் போனார். கோயிலில் சிலர் எங்களைக் கண்டால் நகர்ந்து நின்றார்கள். இன்று இம்மலரைப் படிக்கும் சிலருக்கு அது நினைவிருக்கும்.

ஓட்டுநர்கள் கூடும் காப்பிக்கடைக்கு அப்பா போவதை மட்டும் நிறுத்தவில்லை. அவர் உட்கார்ந்தால் அந்த மேசையில் இருப்பவர்கள் எழுந்து போவார்கள். "வேற கடைக்குப் போகலாமே" என்று அம்மா கேட்டதற்கு, "எழுந்திரிக்கிறவங்கதான் வேற கடை தேடணும். நான் தே தாரிக் குடிக்கப் போறேன்" என்றார். பல மாதங்கள் தனியாகவே குடித்தார். ஒரு நாள், விசாரணையில் தலையசைத்தவர் வந்து எதிரே உட்கார்ந்தார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்களாம்.

பிறகு ஒரு தோட்டத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே பழைய பெட்போர்ட் லோரி ஒன்று துருப்பிடித்துக் கிடப்பதை அப்பா பார்த்தார். கழித்துவிட்ட வண்டி. அதைக் கேட்டு வாங்கி, லாயாங் லாயாங் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த இட்ரிஸ் அவர்களிடம் இழுத்துக்கொண்டு போனார். இட்ரிஸ் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சூடா மாத்தி லா, அண்ணே" என்றார். மலாய் மொழியில், செத்துப்போன வண்டி என்று பொருள். அப்பா மலாயிலேயே பதில் சொன்னார்: "அது செத்தா பரவாயில்ல. நான் இன்னும் சாகல." இரண்டு பேரும் வேலையைத் தொடங்கினார்கள். முதலில் பிரேக்கைச் சரிசெய்தார்கள். எஞ்சினைத் தொட்டது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பச்சை பெட்போர்ட் எங்களுக்குச் சோறு போட்டது. காய்கறி, விறகு, மணல், திருமணப் பந்தல் சாமான் என்று அப்பா எல்லாவற்றையும் ஏற்றினார். தோட்டங்கள் கைமாறி, தலைமுறையாக இருந்த குடும்பங்களை வெளியேறச் சொன்ன காலத்தில், அவர்களுடைய கட்டிலையும் பீரோவையும் ஏற்றிக்கொண்டு போனதும் அந்த லோரிதான். ஒரு தோட்டத்தில் காவலாளி வழிமறித்தார்.

"மேனேஜர் உத்தரவு. லோரி உள்ள வரக்கூடாது."

"சரி, வரல. இங்கேயே நிக்குது. ஆளுங்க சாமானத் தூக்கிட்டு வந்து ஏத்தட்டும்."

அப்பா லோரியை நுழைவாயிலின் குறுக்கே நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேலியோரம் உட்கார்ந்து சுருட்டு பற்றவைத்தார். சற்று நேரத்தில் மேனேஜரின் கார் வெளியே போக வந்தது, போக முடியவில்லை. அதன் பிறகு லோரி, தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசல்வரை போனது. இதை அப்பா சொல்லும்போது வீடே சிரிக்கும். அந்தக் குடும்பங்களில் ஒன்று சென்ற ஆண்டு ஸ்கூடாயிலிருந்து மாலையோடு வந்திருந்தது.

பல ஆண்டுகள் ஓடிய பிறகு லோரிக்கு பெர்மிட் கிடைக்காமல் போனது. இரும்புக் கடைக்காரர்கள் வந்து எடுத்துச் சென்றபோது நான்தான் அழுதேன். அப்பா, "இரும்பு இரும்பாப் போகுது. அதுக்கு ஏம்மா அழுவுற?" என்றார். கடைசி மாதங்களில் அவருடைய இருதயம் மெல்ல அடங்கியது. மருத்துவமனையில், "எழுந்து நடக்காதீங்க" என்ற தாதியிடம், "நடக்கலன்னா நான் நோயாளி ஆயிடுவேன்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். வீட்டில், அம்மாவும் நாங்களும் அருகில் இருக்க, கண்ணை மூடினார்.

இப்போது அந்த உறவினருக்கு என் பதில். நாங்கள் எங்கேயோ போகவில்லைதான். சின்ன வீட்டில் வளர்ந்தோம், பழைய சட்டை போட்டோம். ஆனால் மணியம் மாமாவின் மூன்று பிள்ளைகள் குடிகாரன் பிள்ளைகள் என்ற பெயரில்லாமல் வளர்ந்தார்கள். அப்பா வாயை மூடியிருந்தால் கிடைத்திருக்கும் வீட்டில் எங்களால் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது. இதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்களுக்காக யாரும் வருத்தப்படவும் வேண்டாம்.

அப்பாவின் நோய்க்காலத்தில் தினமும் கஞ்சி கொண்டுவந்த பாக்கியம் அத்தைக்கும், அப்பாவுக்குத் தோள் கொடுத்த அவருடைய பிள்ளைகளுக்கும், நடக்க முடியாத நிலையிலும் பேரனைப் பிடித்துக்கொண்டு வந்த இட்ரிஸ் அவர்களுக்கும், பந்தல் போட்டு மூன்று நாளும் உடனிருந்த பாலோ நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று பெஞ்சில் தரையைப் பார்த்தவர்களில் இருவர் துக்கத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி போட்டோம், காப்பி கொடுத்தோம். வந்ததற்கு நன்றி. அதற்கு மேல் சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும், அதைச் சொல்லும் உரிமை பாக்கியம் அத்தைக்குத்தான் உண்டு, எங்களுக்கு இல்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். என் மகன் டிரெய்லர் ஓட்டுகிறான். சென்ற மாதம் ஒரு பகலில், வேலை நேரத்திலேயே வீட்டுக்கு வந்து நின்றான். டயர் தேய்ந்து கம்பி தெரிகிறது, மாற்றாமல் ஓட்டமாட்டேன் என்று சொன்னானாம். அப்படியென்றால் சாவியை வைத்துவிட்டுப் போ என்றார்களாம். வைத்துவிட்டு வந்திருந்தான்.

"கோவமாம்மா?" என்று கேட்டான்.

"கை கழுவிட்டு வா. மீன் கறி இருக்கு" என்றேன்.