தோட்டத்துக் குழாயின் நாடி

உலக மருத்துவ வரலாற்றில் ஒரு குழாய்க்கு நாடி பிடித்துப் பார்த்த முதல் மேதை என் அப்பாதான். காலையில் பல் துலக்கும் பிரஷ் வாயில் இருக்கும்போதே தோட்டத்துப் பக்கம் வந்துவிடுவார். வலக்கையின் மூன்று விரல்களைக் குழாயின் கழுத்தில் வைத்து, இடக்கைக் கடிகாரத்தைப் பார்ப்பார். குழாய் சொட்டும். அப்பா உதடு அசைய எண்ணுவார். பிறகு நுரையைத் துப்பிவிட்டு, சமையலறை ஜன்னலைப் பார்த்து அறிக்கை வாசிப்பார்.

"நேத்தைக்கு இன்னிக்கு தேவல. வேகம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

அம்மா ஜன்னலுக்கு உள்ளேயிருந்தே பதில் சொல்வாள். "வாசர் போனா வாசரை மாத்தணும். நலம் விசாரிச்சுட்டு நிக்கக்கூடாது."

அப்பாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் வேலை. புண்ணைக் கழுவுவது, மருந்து வைப்பது, துணி சுற்றுவது. டாக்டர்கள் கத்தி வைத்துவிட்டுக் கைகழுவிப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் நடப்பதையெல்லாம் பார்ப்பவர் அப்பா. அதனால் அவருக்குக் கத்தி மேல் நம்பிக்கை கிடையாது. "தொறந்தா தொந்தரவுதான்" என்பது முதல் கொள்கை. "ஆறின பிறகும் ஒரு ராத்திரி கட்டு இருக்கணும்" என்பது இரண்டாவது. எங்கள் வீட்டில் நாற்காலிக் காலுக்குக் கட்டு, குடைக் கம்பிக்குக் கட்டு, டி.வி. ரிமோட்டுக்கு பிளாஸ்திரி. முதல் முறை வருகிறவர்கள் இங்கே ஏதோ விபத்து நடந்திருக்கிறது என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

குழாய்க்கு முதலில் பஞ்சு, அதன் மேல் துணி, அதற்கும் மேல் ஒட்டுநாடா. வழிவதைப் பிடிக்க அடியில் சலைன் டியூப், டியூபின் முனையில் ஒரு வாளி. கட்டு நனைந்து கனத்ததும் அவிழ்த்துவிட்டுப் புதிதாகப் போடுவார். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "இப்ப எப்படிண்ணே இருக்கு, ஏதாவது சாப்பிடுதா?" என்று விசாரிப்பார். அப்பா கோபப்பட மாட்டார். "பரவாயில்லம்மா, ராத்திரிதான் கொஞ்சம் அதிகமாகுது" என்பார், முகத்தில் ஒரு கோடும் மாறாமல். அவர் நம்மைக் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகத்தான் சொல்கிறாரா என்பதை இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. மற்றவர்களை ஏய்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு அது பெரிய அவமானம்.

ஒருமுறை கொள்கையை விட்டுக் குழாயைத் திறந்தும் பார்த்தார். மாடித் தொட்டியின் வால்வை மூடச் சொல்லி அண்ணனை அனுப்பினார். மாடிக்குப் போன அண்ணன் போனில் பேச உட்கார்ந்துவிட்டான். குழாயின் தலை அப்பா கையோடு கழன்று வந்ததும் தண்ணீர் ஒரு தூண் மாதிரி எழும்பி, மதிலைத் தாண்டி, தையல்கார அக்கா தைத்துத் தொங்கவிட்டிருந்த யாருடையதோ ஒரு கல்யாணக் கோட்டு சூட்டைக் குளிப்பாட்டியது. அப்பா இரண்டு கட்டைவிரல்களாலும் அமுக்கிக்கொண்டு "பிளீடிங், பிளீடிங்" என்று கூவினார். ஆஸ்பத்திரியில் அப்படிக் கூவினால் நாலு பேர் ஓடி வருவார்களாம். வீட்டில் நான் மட்டும் ஓடினேன், சிரிப்பதற்கு மறைவான இடம் தேடி.

உள்ளேயிருந்து எடுத்த தேய்ந்த வாசரைச் சின்ன பாட்டிலில் போட்டு, 'தோட்டத்துக் குழாய், ஆண்' என்று சீட்டும் ஒட்டி, ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த அளவெல்லாம் இப்போது வருவதில்லை, பேசாமல் குழாயையே மாற்றிவிடுங்கள் என்றார். "ஒரு பல்லு வலிச்சா தலையை மாத்துவீங்களா?" என்று கேட்டுவிட்டு அப்பா திரும்பி வந்தார். மறுபடியும் பஞ்சு, துணி, ஒட்டுநாடா.

மாமா வருகிறார் என்று சேதி வரும்வரை இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. மாமா, அம்மாவுக்கு அண்ணன். கட்டடங்களுக்குக் குழாய் வேலை காண்டிராக்ட் எடுத்துச் செய்பவர். எப்போதோ ஒருமுறை எங்கள் சமையலறைத் தொட்டியின் அடைப்பை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு அந்த அடைப்பின் கதையைச் சொல்வார். "நம்ம மாப்ளைக்குக் கை பஞ்சு. பொட்டலம் கட்டலாம், புண்ணு கட்டலாம், வேற எதுக்கு ஆகும்?" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கையை மெல்லப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். எனக்கு அந்தக் கையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

அம்மா கெடு வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாமா வரும்போது குழாய் சொட்டினால் அவரே பார்த்துக்கொள்ளட்டும், நான் தடுக்க மாட்டேன் என்றாள். அப்பா தோட்டத்துக்குப் போனார். "அவர் கை உன் மேல படாது" என்று குழாயிடம் சொன்னார்.

ஞாயிறு காலை என் பங்குக்கு நான் வேலையை முடித்தேன். வீட்டுக்குப் பின்னால், செடித் தொட்டிகளுக்கு நடுவில், தோட்டத்துக் குழாய்க்கு மட்டும் தண்ணீர் போகிற ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அது அங்கே இருப்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் செடிக்குத் தண்ணீர் விடும்போது அதை மூடிவிடுவேன். என்ன ஆயிற்று என்று அவன் ஹோஸ் வாயில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது திறந்துவிடுவேன். அறிவியலில் எனக்குப் பிடித்த சோதனை அது ஒன்றுதான். துருப்பிடித்த அந்தப் பிடியோடு மல்லுக்கட்டி, இறுக மூடினேன். குழாய் மேல் வழக்கம்போலக் கட்டு இருந்தது. சொட்டாத குழாயை வைத்துக்கொண்டு மாமா என்ன செய்துவிடுவார்? ஒரே வகுப்பில் என்னை இரண்டு வருஷம் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்தது வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விருந்தாளிகள் பழம் வாங்கி வருவார்கள். மாமா கருவிப் பெட்டியோடு வந்தார். வீட்டுக்குள்கூட நுழையாமல் நேரே தோட்டத்துக்கு நடந்தார்.

"எங்க மாப்ள, உங்க நோயாளி?"

அப்பா கட்டைப் பிரித்தார். ஆஸ்பத்திரியில் பிரிப்பது போலவே, வலிக்காமல், சுற்றுச் சுற்றாக. பிரித்ததைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். மாமா உள்ளங்கையை ஏந்திக்கொண்டு குழாயின் கீழ் குந்தினார். தானம் கேட்பவர் மாதிரி ரொம்ப நேரம் குந்தியிருந்தார். ஒன்றும் விழவில்லை. தையல்கார அக்கா மதிலுக்கு வந்துவிட்டார். டீ கொண்டுவந்த அம்மா, கொடுக்க மறந்து நின்றாள்.

"நின்னுபோச்சு மச்சான்" என்றார் அப்பா.

மாமா விடுவாரா? எட்டிப் பிடியைத் திருகினார். என் திட்டத்தில் இந்த இடமே இல்லை. கடைசிவரை திருகியும் குழாய் ஊமையாக நின்றது. மாமா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, மதிலுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சொட்டு நின்னுச்சு, சரி. தண்ணியும் நின்னுபோச்சே. நீங்க இதைக் குணப்படுத்தல மாப்ள, கொன்னுட்டீங்க."

அக்கா சிரித்தார். அம்மாகூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்பா குழாயின் கழுத்தில் மூன்று விரல்களை வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் குழாயின் வாயைப் பார்த்தார். பிறகு அந்தக் கை மெல்லப் பாக்கெட்டை நோக்கிப் போயிற்று.

அது பாக்கெட்டைச் சேருவதற்குள் நான் வீட்டைச் சுற்றி ஓடியிருந்தேன். சொட்டினால் சொட்டிவிட்டுப் போகட்டும், செத்துப்போனதற்கு அது எவ்வளவோ மேல் என்று வால்வைத் திறந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது குழாய் கமறி, இருமி, மாமாவின் கால்சட்டையை இடுப்புவரை நனைத்துக்கொண்டிருந்தது. அப்பா ஒரே விரலால் பிடியைத் திருப்பி மூடினார். நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன். சத்தமே இல்லை. திறந்து பார்த்தேன். குழாய் சொட்டவில்லை. மாமா மறுபடியும் கையை ஏந்தினார். அப்போதும் சொட்டவில்லை.

"எந்தக் கடை வாசர் இது?" மாமாவின் குரல் பாதியாகிவிட்டது.

"கடையில இல்ல மச்சான். ஊசி மருந்து பாட்டில் மூடி இருக்குல்ல, அந்த ரப்பர். நேத்து சாயங்காலம் அளவா நறுக்கிப் போட்டேன்."

மாமா பெட்டியைத் திறக்காமலே தூக்கிக்கொண்டார். உள்ளே காற்று அடைத்திருக்கும், அதனால்தான் முதலில் தண்ணீர் வரவில்லை என்று யாரும் கேட்காமலே ஒரு விளக்கம் சொல்லிவிட்டு, கால்சட்டையைப் பிழிந்தபடி அம்மாவோடு உள்ளே போனார். அக்காவின் தலையும் மதிலிலிருந்து இறங்கிவிட்டது.

"ஏய் வாலு, இங்க வா."

வீட்டில் என் பெயர் அதுதான். போனேன். அப்பா மூன்று விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"நல்லா ஓடியிருக்க."

"எங்கயும் ஓடலப்பா. இங்கதான் நின்னுட்டிருந்தேன்."

அவர் கையை விடாமலே புரட்டி, என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த துருவைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து குழாயின் கட்டுத்துணியை எடுத்து, வலிக்காமல், விரல் விரலாகத் துடைக்க ஆரம்பித்தார். ஒரு ராத்திரி முழுக்கக் குழாயைச் சுற்றியிருந்த அந்தத் துணி மொறமொறவென்று காய்ந்திருந்தது.