ஓடிக்கிட்டிருந்த கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்ச நாள்

அரியமங்கலத்துல ஒரு பட்டறையில முப்பது வருஷத்துக்கு மேல லேத்து ஓட்டினவன் நான். அங்க ஆயுத பூஜைன்னா மொத வேலை மெயினை அணைக்கிறதுதான். ஓடுற மிஷினுக்குப் பொட்டு வெக்கக்கூடாது. ஒரு வருஷம் மொதலாளியோட மச்சான் அவசரப்பட்டு வெக்கப் போயி விரலைக் குடுத்துட்டு வந்தாரு. நல்ல மனுஷன், சீட்டு பிரமாதமா ஆடுவாரு. அது கெடக்கட்டும்.

இப்ப நானும் என் மகளும் ஸ்ரீரங்கத்துல ஒரு மாடி வீட்டுல வாடகைக்கு இருக்கோம். அவ டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறா. பச்சைமலைச் சனங்க சாமை, வரகு போடுறதைப் பத்தி ஆராய்ச்சி. அவ அம்மா செத்துப்போன மூணாம் நாளு போயி பத்தாவது பரீட்சை எழுதின பொண்ணு அது. அஞ்சு வருஷமா எழுதினது அத்தனையும் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள்ளதான். ஒம்போது நாள்ல குடுத்தாகணும், இனிமே தவணை கெடையாதுன்னு காலேஜுல சொல்லிட்டாங்க.

ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில, ஏதோ கேள்வி விட்டுப்போச்சுன்னு மலைக்குக் கெளம்பினா. "அப்பா, கம்ப்யூட்டர் அப்டேட் ஆயிக்கிட்டிருக்கு. அது பாட்டுக்கு ஓடட்டும்"னா. சரிம்மான்னேன். காதுல விழாம இல்ல. ஆனா சந்தனத்தைக் கொழைச்சதும் கை பழைய கையாப் போயிருச்சு. மெயினை அணைச்சேன். கம்ப்யூட்டரைத் துடைச்சேன், பொட்டு வெச்சேன், சூடம் காட்டினேன்.

அப்புறந்தான் அவ சொன்னது ஒறைச்சுது. திரும்பப் போட்டேன். கறுப்பா இருந்துச்சு, நடுவுல ஒரு வட்டம் சுத்துது, கீழ இங்கிலீசுல ரெண்டு வரி. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான். மோட்டார் மக்கர் பண்ணா அணைச்சு அணைச்சுப் போடுவோம்ல, அப்படி மூணு தடவ பண்ணேன். மூணாவது தடவ அந்த வட்டம்கூட வரல.

மலையில டவர் கெடைக்காது. அடிச்சு அடிச்சு, மத்தியானத்துக்கு மேலதான் கெடைச்சா.

"ஏம்மா, ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்னப்பா, சுகர் மாத்திரை போடலியா?"

"கம்ப்யூட்டரை அணைச்சுட்டேன்."



"எத்தன தடவ?"

"நாலு."

"அப்பா, அது லேத்து இல்லப்பா. தொறந்திருக்கிறதை எல்லாம் சேவ் பண்ணி மூடிட்டு, மெனுவுல போயி ரீஸ்டார்ட் குடுக்கணும். அதுவா அணைஞ்சு அதுவா வரும். நடுவுல கரண்டை எடுத்தா உள்ள இருக்கிறதே கெட்டுப் போயிரும்."

"இப்ப என்னம்மா பண்ணட்டும்?"

"ஒரே ஒரு தடவ பட்டனை அமுக்குங்க. அப்புறம் ரெண்டு மணி நேரமானாலும் கை வெக்காதீங்க. நான் பஸ்ஸைப் பாக்குறேன்."

அமுக்கினேன். ரொம்ப நேரம் கழிச்சு வட்டம் வந்துச்சு. எதுத்தாப்புல உக்காந்தேன். கரண்டு போயிருமோன்னு பயம். அதுக்குப் பத்தாமப் போயிருமோன்னு ஃபேனைக்கூட அணைச்சுட்டேன். கீழ் வீட்டு மாமி சுண்டலோட வந்தாங்க.

"என்ன, இப்படி வேர்த்துக் கொட்டறது? பெட்டிக்கு முன்னாடி தபஸா பண்றேள்?"

"பொண்ணோட அஞ்சு வருஷம் உள்ள மாட்டிக்கிச்சு மாமி."

மாமி சிரிப்பை விட்டுட்டு, "பெருமாளே"ன்னு பக்கத்துல உக்காந்துட்டாங்க. ரெண்டு பேரும் அந்த வட்டத்தையே பாத்தோம். நான் எந்தக் கோயில்லயும் அப்படி வேண்டினதில்ல.

வெளக்கு வெக்கிற நேரத்துக்கு மக வந்தா. செருப்பைக்கூடக் கழட்டல. அதுக்குள்ள கம்ப்யூட்டர் தானா எந்திரிச்சிருந்துச்சு. ஒவ்வொண்ணாத் தொறந்தா. எல்லாம் இருந்துச்சு. கடைசி அத்தியாயம் மட்டும் தொறக்கல. எத்தனையோ விதமாப் பாத்தா.

"வேற எங்கயும் ஒரு காப்பி வெக்கலயாம்மா?"

"வெக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேம்பா."

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டல. மலையில குறிச்ச நோட்டுகளைப் பரப்பி வெச்சுக்கிட்டு, அந்த அத்தியாயத்தை மொதல்லேருந்து அடிக்க ஆரம்பிச்சா. எட்டாம் நாளு பிரிண்டு போட்டுக்கிட்டுக் காலேஜுக்குக் கெளம்பினா.

"முடிஞ்சிருச்சாம்மா?"ன்னு கேட்டேன்.

"முடிஞ்சுதுப்பா. முன்ன எழுதின மாதிரி வரல."

முன்ன எழுதினது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இப்ப எழுதினதையும் படிக்கத் தெரியாது.