தோல் பார்க்கத் தெரிந்தவர்

என் கணவரின் பெரியப்பாவை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அவருடைய கட்டைவிரல்தான் நினைவில் வருகிறது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் செலக்டராக முப்பது ஆண்டுகள் இருந்தவர். மேசையில் விரித்த ஆட்டுத்தோலின்மேல் அந்த விரலை ஒரு முறை ஓட்டினால் போதும். எங்கே உண்ணி கடித்தது, எங்கே கத்தி பட்டது, முதல் தரமா மூன்றாம் தரமா என்று சொல்லிவிடுவாராம். அதை நான் மறுக்கவில்லை. செத்த ஆட்டைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். உயிரோடிருக்கும் மனிதர்களின் தோலும் தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்ததும், மாதனூரில் எங்கள் தெருவே அதை நம்பியதும்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு. தடித்துச் செத்த மேல்தோலை இளக்கி உதிர வைப்பது அதன் வேலை. கால் ஆணிக்கும் மருவுக்கும் தடித்துப்போன குதிகாலுக்கும் நல்ல மருந்துதான். அளவு குறைந்ததை முகப்பருவுக்கும் தருகிறார்கள். ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்கள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் வாசலுக்கு வருவார்கள். பெரிய மாமா என்று நான் கூப்பிடும் அவர் குதிகாலை அழுத்திப் பார்ப்பார், களிம்பைத் தடவுவார், மேலே பிளாஸ்டிக் கவரைச் சுற்றுவார். ஈரத்தோல் காயாமலிருக்க ஷீட் போட்டு மூடுவது தொழிற்சாலை வழக்கம். அதையே அவர் மனிதர்களின் காலுக்கும் செய்தார். சிலருக்குக் குணமானது, ஒருத்திக்குப் புண்ணாகிப்போனது. குணமானவர்களைப் பற்றி மட்டும் அவர் பேசினார்.

என் மகனுக்கு அப்போது பத்து மாதம். இரண்டு கால்களிலும் மீன் செதில்போலத் தோல் காய்ந்து எழும்பியிருந்தது. வேலூரில் காட்டலாம் என்றேன்.

"டாக்டருங்க தோல பொஸ்தகத்துல பாத்தவங்கம்மா. நான் கையில பாத்தவன். ஆட்டுத் தோலோ ஆளுத் தோலோ, தோலு தோலுதான்" என்றார்.

"பெரியவரு சொல்றாரு இல்ல, இன்னா யோசிக்கிற?" என்றார் மாமியார்.

நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள். களிம்புப் பெட்டிக்குள் இருந்த தாளைச் சமையலறையில் நின்று படித்தேன். கைக்குழந்தைகளுக்குக் கூடாது, உடம்பில் அதிக இடத்தில் பூசக் கூடாது, மூடிக் கட்டக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள எதையாவது எழுதத்தானே செய்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். அவர் பாதத்திலிருந்து தொடைவரை பூசினார். கவரைப் பிடித்துக் கொடுத்தது நான். இப்படிக் காலையும் மாலையுமாக இரண்டு நாள்.

மூன்றாம் நாள் மதியம் குடித்த பாலையெல்லாம் கக்கினான். ஓடி வந்தவனைப்போல மேல்மூச்சு வாங்கியது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கவரை அவிழ்த்துக் கால்களைக் கழுவச் சொன்னார். குழந்தையின் உடம்புக்கு இவ்வளவு இடம் மிக அதிகம், மூடி வைத்ததால் மருந்து தோல் வழியாக ரத்தத்தில் இறங்கிவிட்டது என்றார்.

"யாரும்மா போடச் சொன்னது?"

"நானாத்தான் மேடம். தெரியாம போட்டுட்டேன்."

நான்கு நாள் சலைன் ஏறியது. பிழைத்துக்கொண்டான். செதிலுக்கு அவர்கள் எழுதித் தந்தது, குளித்த ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டிய சாதாரண கிரீம். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால், பார்க்க வந்த உறவினர்களிடம் பெரிய மாமா சொல்லிக்கொண்டிருந்தார்: "மருந்து நல்ல மருந்துதான். இந்தப் பொண்ணு ஜாஸ்தி பூசிட்டா." நான் எல்லோருக்கும் டீ கொடுத்தேன்.

அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பெண் தன் இரண்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தலையில் பொருக்கு. பெரிய மாமா ட்யூப் மூடியைத் திருகிக்கொண்டே, "ஒரு கவர் எடுத்தா" என்று என்னிடம் சொன்னார். கவர் எடுக்க உள்ளே இரண்டு அடி நடந்துவிட்டேன். பிறகு திரும்பி வந்து ட்யூபைப் பிடுங்கினேன்.

"குடும்மா. ஒம் புள்ளைக்கு ஒத்துக்கல, அதுக்காக?"

"எம் புள்ளைக்குப் பூசினது நீங்க மாமா. ஜாஸ்தி பூசினதும் நீங்கதான்."

அவள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீ கெளம்பு. எண்ண தடவி ஊற வெச்சு மெதுவா சீவு. போகலன்னா டாக்டர்கிட்ட காட்டு" என்றேன். போய்விட்டாள்.

மகனுக்கு இப்போது மூன்று வயது. பெரிய மாமா என்னோடு பேசுவதில்லை. அது எனக்குக் குறையாகவும் தெரியவில்லை. அவர் தெரியாதவர், தெரியாது என்பதும் தெரியாதவர். கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள் இப்போது தங்கள் களிம்புத் தாள்களை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொல்கிறார்கள். பெரியவரையே எதிர்த்துக் கேட்ட தைரியக்காரி என்று என்னைச் சொல்கிறார்கள். என் பிள்ளைக்குப் பூசுவதற்கு முன்பும் நான் அந்தத் தாளைப் படித்திருந்தேன் என்று அவர்களில் ஒருத்தியிடமும் இதுவரை சொல்லவில்லை.