வெண்கட்டிக் கட்டில்

மட்டக்களப்பில் வாவியோரக் கடையொன்றின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தேன். அறை முக்கோணமாக இருந்தது. எந்தச் சுவரோரமும் எதுவும் பொருந்தவில்லை. வெண்கட்டியால் தரையில் கட்டிலையும் மேசையையும் வரைவதும் அழிப்பதும் மறுபடி வரைவதுமாகவே இருந்தேன்.

எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கலியாணத்தோடுதான் வரும். நான் அதற்கு முன்பே வீடெடுத்தது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அறையைப் பார்க்க வந்த அம்மா என் கையிலிருந்த வெண்கட்டியை வாங்கி, தலைமாடு கிழக்கே வரும்படி தானே கட்டிலை வரைந்தார். அறையில் பாதி போய்விட்டது.

“ஏனம்மா இவ்வளவு அகலம்?”

“ஒராளுக்கா கட்டில் போடுற?”

அவர் படியிறங்கும் சத்தம் ஓயுமுன்பே கட்டிலில் பாதியைக் காலால் தேய்த்து அழித்து, அங்கே மேசையை வரைந்தேன். தலைமாட்டை மட்டும் கிழக்கிலேயே விட்டுவிட்டேன்.