அண்ணன் வண்டி ஏறாத வைகாசி

என் அண்ணன் மொபட்டை உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் எல்லாரும் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ராய்ப்பூர் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் லாரியில் வேலை செய்துவிட்டு, அண்ணன் மகள் கல்யாணத்துக்காக வந்திருந்தேன். நிலக்கோட்டையில் இறங்கி ஊருக்கு நடந்துகொண்டிருந்தபோது எதிரே வந்தார். பின் சீட்டில் மல்லிகைப் பூ மூட்டை. இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளியபடி, சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருக்க வந்தார்.

"என்னண்ணே, பெட்ரோல் இல்லையா?"

"இருக்கு."

"பஞ்சரா?"

"இல்ல. நல்லாத்தேன் ஓடும். நீ வீட்டுக்குப் போ, நான் பூவப் போட்டுட்டு வாரேன்."

மொட்டாக இருக்கும்போதே மல்லிகை மார்க்கெட்டுக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் வாய் திறந்துவிடும், விலை விழுந்துவிடும். ஓடுகிற வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தள்ளிப்போகிற மனிதரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் மதினி விஷயத்தைச் சொன்னார். மகளுக்குப் பொருத்தம் பார்க்கத் திண்டுக்கல்லுக்குப் போயிருக்கிறார்கள். பொருத்தம் பார்த்து, வைகாசியில் முகூர்த்தமும் குறித்துக் கொடுத்த ஜோசியர், மேசை மேல் கிடந்த அண்ணன் ஜாதகத்தையும் சும்மா புரட்டியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. "உங்களுக்கு ஆனி முடியிற வரைக்கும் வாகனத்துல கண்டம் இருக்கு, கவனம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

"அன்னைக்குத் திண்டுக்கல்லுல இருந்தே நடந்துதேன் வந்தாரு" என்றார் மதினி. "நான் பஸ்ஸுல வந்து சோறாக்கி, அது ஆறிப்போச்சு. அப்பறந்தேன் வந்து சேந்தாரு."

"உருட்டுறதுக்கு எதுக்கு வண்டி? தலையில தூக்கிட்டுப் போகலாம்ல?"

"கேட்டேன் தம்பி. ஏறுனாத்தேன் கண்டமாம். உருட்டுனா இல்லையாம்."

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மாப்பிள்ளை வீடு நெய்க்காரப்பட்டி. பழனியையும் தாண்டிப் போக வேண்டும். கல்யாணம் அங்கே ஒரு மண்டபத்தில். பெண்ணைப் பெற்றவர் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பெற்றவர் வேனில் ஏற மாட்டேன் என்கிறார். மகள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, "சித்தப்பா, அப்பா வராம நான் மணையில உக்கார மாட்டேன். நீங்கதேன் எதாச்சும் பண்ணணும்" என்றாள். அவள் பி.எட். படித்தவள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணனிடம் பேசிப் பார்த்தேன். அவரிடம் சான்று இருந்தது. "இவரு சும்மா சொல்ற ஆளு இல்லடா. முன்னாடி ஒருக்கா, நம்ம கெணறு வத்தும்னு சொன்னாரு. வத்துச்சா இல்லையா?"

"அந்த வருசம் எல்லாத்துக் கெணறும் வத்துச்சுண்ணே."

"எல்லாத்து ஜாதகத்துலயும் அது இருந்திருக்கும்."

நான் ஜோசியரிடமே போனேன். திண்டுக்கல்லில் ஒரு செல்போன் கடைக்கு மாடியில் அவர் அறை. என்னைவிட வயதில் சின்னவர். கம்ப்யூட்டரில் தட்டி ஜாதகம் எடுக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, நான் கவனமா இருங்கன்னுதான் சொன்னேன். ஹெல்மெட் போடுங்கன்னு சொன்னேன். ஏறவே ஏறாதீங்கன்னு சொல்லவே இல்லையே."

"அப்ப அத அவருகிட்ட சொல்லுங்க."

அங்கேயே போன் போட்டுக் கொடுத்தேன். பாவம், பொறுமையாகப் பேசினார். குரு பார்வை இருக்கிறது, பயப்பட வேண்டாம், தாராளமாக வேனில் போய்வாருங்கள் என்றெல்லாம் சொன்னார். அண்ணன் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டார். போனை நான் வாங்கியதும் என்னிடம் கேட்டார்:

"எம்புட்டுடா குடுத்த அவருக்கு?"

ஜோசியர் சொன்னதை அவரே வந்து மாற்றினாலும் அண்ணன் நம்பப்போவதில்லை. கெட்டதாகச் சொன்னது உண்மை, நல்லதாகச் சொன்னது நான் காசு கொடுத்துச் சொல்ல வைத்தது. அன்று மாடிப்படியில் இறங்கும்போது எனக்கு வந்த எரிச்சல், பரோட்டாக் கல் முன்னால் நின்று வேலை பார்த்த நாட்களில்கூட வந்ததில்லை.

எனக்கு ஜாதகம் கிடையாது. நான் பிறந்த நேரத்தை யாரும் பார்க்கவில்லை. நல்ல மழை, வீட்டில் கடிகாரமும் இல்லை. அதனால் எந்த ஜோசியரும் என்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. எட்டாவது பாதியில் நின்றேன். விஜயவாடாவில் முறுக்குக் கடை, திருப்பூரில் பனியன் கம்பெனி, கொல்லத்தில் பரோட்டா, அப்புறம் போர் லாரி. விஜயவாடாவில் மஞ்சள் காமாலை வந்து ஒரு குடோனில் கிடந்தேன். முதலாளி கஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டு, சம்பளத்தில் கழித்துக்கொண்டார். இதெல்லாம் நடக்கும் என்று முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் ரயில் ஏறியிருக்க மாட்டேன். ஏறாமல் இருந்திருந்தால் சொந்த ஊரிலேயே பட்டினி கிடந்திருப்பேன். காமாலை வராது, அவ்வளவுதான் லாபம். வரப்போவதைத் தெரிந்துகொள்வது நல்லதா என்று என்னைக் கேட்டால், தெரிந்துகொண்டு அப்புறம் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்பேன். என் அண்ணன் மொபட்டை உருட்டினார்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"பழனிக்குச் சனம் நடக்குதுல்ல? நானும் நடந்து வாரேன். கல்யாணத்துக்கு முந்துன நாளு அங்க இருப்பேன்."

"தைப்பூசத்துக்கு நடப்பாக. பனி இருக்கும், வழியெல்லாம் மோர், சோறுன்னு குடுப்பாக. வைகாசி வெயில்ல எவன் நடக்குறான்?"

"நீ வேன்ல வா. நான் உன்னையக் கூப்பிடல."

சர்க்கரை வியாதிக்காரரைத் தனியாக அனுப்ப முடியுமா? மதினி எனக்கும் ஒரு துண்டும் குடையும் எடுத்து வைத்துவிட்டார். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஊர் சுற்றுகிறவனுக்கு நடப்பது சிரமமா என்று நினைத்திருப்பார்கள்.

செம்பட்டி வழியாகப் போனால் தூரம் குறைவு. அண்ணன் திண்டுக்கல் வழிதான் வேண்டும் என்றார். அங்கிருந்துதான் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று ரோட்டோரம் தனி நடைபாதை போகிறது, அதில் வண்டி வராது என்பது அவர் கணக்கு. காந்திகிராமம், சின்னாளபட்டி தாண்டித் திண்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டு பழனி ரோட்டைப் பிடித்தோம். விடியலில் நடப்பது, வெயில் ஏறியதும் எங்காவது படுத்துக்கொள்வது, சாயங்காலம் மறுபடி நடப்பது. பஸ்கள் பக்கத்திலேயே போயின. கண்டக்டர்கள் "பழனி, பழனி" என்று எங்களைப் பார்த்தே கத்தினார்கள்.

ஒட்டன்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. ரோட்டில் எதிர்த்திசையில் போகப் பயந்த ஒரு பால்காரர், நடைபாதையிலேயே பைக்கை விட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் கேன். அண்ணன் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, துள்ளி, பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தார். பைக் நிற்காமல் போய்விட்டது. கணுக்கால் பிசகிவிட்டது.

பள்ளத்தில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா? சொன்னாருல்ல."

"பஸ்ஸுல போயிருந்தா இந்த பைக்கு உம்மேல எப்படிண்ணே வரும்?"

"பஸ்ஸு மேல வேற எதாச்சும் வந்திருக்கும்."

"சரி. கண்டம் வந்துச்சு, போயிருச்சு. அதோட முடிஞ்சது. இனி பஸ்ஸுல ஏறலாம்ல?"

அவர் உண்மையாகவே யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"இல்லடா. இது சின்னது. பெருசு பாக்கி இருக்கும்."

குடையைத் தூக்கிக் காட்டுக்குள் எறிந்தேன். பிறகு நானே போய் எடுத்து வந்தேன், வெயில் அப்படி. அவர் காலைத் துண்டால் இறுக்கிக் கட்டினேன். நாளை மறுநாள் கல்யாணம். இந்தக் காலோடு இவர் நடந்து போய்ச் சேரப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. மகள் மணையில் உட்கார மாட்டாள். பேசாமல் ஆட்டோ பிடித்து, இவரைக் கட்டித் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் செய்தேன்.

"சாவுக்கு இம்புட்டுப் பயந்தா எப்படிண்ணே? என்னைக்கோ ஒருநாள் சாகத்தான போற?"

"எனக்கு என்னடா பயம்?" என்றார். கோபம் இல்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி ரோட்டுல நான் அடிபட்டுக் கெடந்தேன்னு வையி. கல்யாணம் நிக்கும். நின்னா என்ன சொல்லுவாய்ங்க? கழுத்துல தாலி ஏறுறதுக்கு முன்னாடியே அப்பன முழுங்குனவன்னு எம் மகளச் சொல்லுவாய்ங்க. அதுக்கப்பறம் எவன் வருவான்? தாலி ஏறட்டும். அதுக்கப்பறம் எந்த லாரி வேணும்னாலும் வரட்டும்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் மகள் காதுக்குப் போகும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். என் ஆத்திரம் போகவில்லை. அவர் மேல் கொட்ட முடியாமல் போயிற்று, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக ஜோசியரின் அந்த மாடி அறையை நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு ஆள் போகிறபோக்கில் ஒரு வரி சொன்னார். அதை இங்கே இரண்டு பேர் நொண்டிக்கொண்டு சுமக்கிறோம்.

அவர் என் தோளில் கை போட்டு நடந்தார். சத்திரப்பட்டி தாண்டி ஒரு தேங்காய் லாரிக்காரர் நிறுத்தி, "ஏனுங்க, ஏறிக்குங்க, பழனியில எறக்கி விடறேனுங்க" என்றார். அண்ணன் கும்பிட்டு அனுப்பிவிட்டார். நான் அந்த லாரி கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசித் தூரத்தை நாங்கள் நடந்தோம் என்று சொல்ல முடியாது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போய் உட்கார்ந்தோம். ஆனாலும் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, விளக்குப் போடுகிற நேரத்துக்கு, நெய்க்காரப்பட்டி மண்டபத்து வாசலில் நின்றோம்.

மாப்பிள்ளையின் அப்பா ஓடி வந்தார். அண்ணன் காலைப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, நடந்தேவா வந்தீங்க? வேண்டுதலுங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"ஆமாங்க" என்றார்.

அவ்வளவுதான். மகளுக்காக இந்த வெயிலில் பழனிக்கு நடந்த அப்பா என்று மண்டபம் முழுக்கப் பேச்சு. வெந்நீர் வந்தது, மஞ்சள் பற்று வந்தது, மாப்பிள்ளையின் அம்மா சின்னப் பிள்ளைகளை இழுத்து வந்து அவரிடம் விபூதி வாங்க வைத்தார். என் காலிலும் அதே கொப்புளம்தான். எனக்கு ஒருவர் காபி கொடுத்து, பந்தியில் பாய் போடுகிற ஆளா என்று கேட்டார். மகள் மட்டும் என் பக்கத்தில் வந்து, "சித்தப்பா, உக்காருங்க" என்று தன் நாற்காலியைத் தள்ளினாள்.

மறுநாள் அண்ணன் ஒற்றைக் காலை நீட்டியபடி மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தார். தாலி ஏறியது. சாப்பிட்டு முடித்து, எங்கள் ஊர் வேன் புறப்பட நின்றது. அவரை எப்படிக் கூட்டிப்போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் நொண்டிக்கொண்டே போய், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, ஆனி இன்னும் பொறக்கவே இல்லையே."

"தாலி ஏறிருச்சுல்ல" என்றார். கண்ணை மூடினார். பழனி தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்குப் பின் சீட்டில் இருந்தேன். எதிரே ஒவ்வொரு லாரி வரும்போதும் முன்கம்பியைப் பிடித்தேன். அதன் டயரைப் பார்த்தேன், டிரைவர் முழித்திருக்கிறாரா என்று பார்த்தேன். "செத்த மெதுவாப் போங்க தம்பி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னேன். சத்திரப்பட்டி வளைவில் மறுபடி சொன்னேன்.

வேன் டிரைவர் எங்கள் ஊர்ப் பையன். அண்ணன் கதை முழுக்கத் தெரிந்தவன். கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"என்னண்ணே, ஒங்களுக்கும் கண்டமா?"

எனக்கு ஜாதகமே கிடையாது என்று சொன்னேன். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.